கந்தகம், ஈயம், டங்ஸ்டன்: எஃகு வெட்டப்பட்ட வரலாற்றில் இந்திய மண்

பெங்களூரின் பீன்யாவிலோ, ராஜ்கோட்டிலோ, லூதியானாவிலோ ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து, எந்த எஃகில் வேலை நடக்கிறது என்று கேட்டால், 'இஎன் 8' என்றோ 'இஎன் 24' என்றோ 'இஎன் 1ஏ லெட்' என்றோ விடை வரும். இந்தப் பெயர்கள் இந்தியாவில் பிறந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், எண்ணற்ற எஃகு வகைகளைக் கையாள முடியாமல் திணறிய பிரிட்டன், அவற்றைச் சுருக்கி வரிசை எண் கொடுத்து வெளியிட்ட தர அட்டவணையிலிருந்து வந்தவை. அந்த இரண்டு எழுத்துகள் 'அவசர எண்' என்பதன் சுருக்கம் என்று சொல்வதுண்டு. 1970களில் பிரிட்டனே அவற்றைக் கைவிட்டுப் புதிய குறியீட்டு முறைக்கு மாறியது. இஎன் 8 அங்கே 080எம்40 ஆயிற்று. இந்தியத் தர நிறுவனமோ அதற்கும் முன்பே, 1961இல், இந்த நாட்டுக்கென்று ஒரு பெயர் முறையை வகுத்துவிட்டது. இவை எவையும் பட்டறையின் நாவை அசைக்கவில்லை. போர் முடிந்து எண்பது ஆண்டுகளாகியும் அவசர எண்ணிலேயே இந்தியா எஃகு வாங்குகிறது.

இஎன் 1ஏ என்பதும் இஎன் 8 என்பதும் வெறும் வலிமை வேறுபாட்டைக் குறிப்பவை அல்ல. முன்னது, கருவியின் கீழ் எளிதில் வெட்டுப்பட வேண்டும் என்பதற்காகவே கந்தகம் கூட்டிச் செய்யப்பட்டது. எஃகு வாங்குவோர் பலரும் உறுதியை மட்டுமே கேட்கிறார்கள். அது எவ்வளவு இணக்கமாகக் கடைசல் படும் என்ற கேள்வி கணக்குப் பார்க்கும்போதுதான் எழுகிறது. ஒரு திருகாணியின் விலையில் எஃகின் விலையைவிட, அதைக் கடைந்த நேரமும் தேய்ந்த கருவியும் பெரும்பங்கு வகிப்பதுண்டு. ஆகவே எஃகை வெட்டும் கலையின் வரலாறு இரண்டு உலோகங்களின் வரலாறு: வெட்டும் உலோகம், வெட்டப்படும் உலோகம். இரண்டிலும் இந்திய மண்ணுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு பெரும்பாலும் கச்சாவாகக் கப்பலேறியது என்பதுதான் இந்தக் கதையின் உறுத்தல்.

இந்திய எஃகு என்றவுடன் எல்லோரும் தொடங்கும் இடம் ஊட்ஸ். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு', தமிழில் 'உருக்கு' என்று வழங்கும் மூசை எஃகு, மைசூர், சேலம், கோல்கொண்டா வட்டாரங்களில் உருவாகி உலகெங்கும் சென்றது. 1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலெனஸ் ஸ்காட், அதன் மாதிரிகளை லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து எழுதினார். 1805இல் டேவிட் மஷெட் என்ற ஸ்காட்லாந்து இரும்பியல் அறிஞர் அந்த வட்டுகளை உருக்கியும் அடித்தும் பார்த்துத் தம் முடிவுகளை ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். 1820இலும் 1822இலும் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும், ஊட்ஸைப் போன்ற ஓர் எஃகைச் செய்துவிடும் ஆசையில், எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் எனப் பலவற்றைக் கலந்து பார்த்தார்கள். ஊட்ஸின் இரகசியம் அலுமினியத்தில் இருக்கிறது என்று ஃபாரடே நினைத்தது தவறு; அது மிகுதியான கரியிலும் மெதுவாகக் குளிரும் முறையிலும் இருந்தது. ஆனால் எஃகோடு வேறு உலோகத்தை வேண்டுமென்றே சேர்த்து அதன் குணத்தை மாற்றலாம் என்ற எண்ணம், ஒழுங்கான ஆய்வாக உருப்பெற்ற தொடக்க இடங்களுள் இதுவும் ஒன்று.

ஊட்ஸைப் பற்றிய பெருமிதப் பேச்சு வழக்கமாக இந்த இடத்தில் டமாஸ்கஸ் வாளை நோக்கித் திரும்பிவிடும். இன்றைய தொழிலுக்கு வாளைவிட நெருங்கிய சொந்தம் மஷெட் குடும்பம்.

டேவிட் மஷெட்டின் மகன் ராபர்ட் மஷெட். 1856இல் ஹென்றி பெஸ்ஸெமர் உருகிய வார்ப்பிரும்பினுள் காற்றைச் செலுத்திச் சில நிமிடங்களில் எஃகு செய்யும் முறையை அறிவித்தபோது, அந்த முறையை வாங்கியவர்கள் பலர் கைசுட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய எஃகு சூட்டில் அடித்தால் பிளந்தது. காரணம் பிராணவாயுவும் கந்தகமும். கந்தகம் இரும்போடு சேர்ந்து உண்டாகும் பொருள் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். அது எஃகின் மணிகளுக்கு இடையில் மெல்லிய ஏடாகப் படர்ந்து கிடப்பதால், செஞ்சூட்டில் சம்மட்டி விழுந்தவுடன் எஃகு உதிர்கிறது. ராபர்ட் மஷெட் மாங்கனீசு நிறைந்த வார்ப்பிரும்பைச் சிறிதளவு கலந்து இதைத் தீர்த்தார். இரும்பைவிட மாங்கனீசின்மேல் கந்தகத்துக்குப் பற்று அதிகம். இரண்டும் சேர்ந்து மாங்கனீசு சல்பைடு என்ற தனித்தனி மணிகளாக ஒதுங்கிவிடும். அவை சுமார் 1600 டிகிரி வரை உருகா. கந்தகம் எஃகைவிட்டு வெளியேறவில்லை, தீங்கு செய்யாத உருவத்தில் உள்ளேயே அடங்கிவிட்டது. மஷெட்டின் காப்புரிமை உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாமல் 1859இல் காலாவதியானது. பிற்காலத்தில் அவருடைய மகள் லண்டன் சென்று வாதாடிய பிறகு, பெஸ்ஸெமர் ஆண்டுக்கு 300 பவுண்டு கொடுக்க இசைந்தார்.

பெஸ்ஸெமர் முறை பரவப் பரவ உலகுக்கு மாங்கனீசு தேவைப்பட்டது. இந்தியாவில் அதன் சுரங்கத் தொழில் 1892இல் விஜயநகரம் பகுதியில் தொடங்கியது. சில ஆண்டுகளில் மத்திய மாகாணங்களின் நாக்பூர், பாலாகாட், பண்டாரா பகுதிகள் அதை விஞ்சின. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியா ரஷ்யாவோடு முதலிடத்துக்குப் போட்டியிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் லூயிஸ் லீ ஃபெர்மர் 1909இல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ஒரு பெருநூலை இந்திய மாங்கனீசுக்கென்றே எழுதினார். தோண்டப்பட்டதில் ஏறக்குறைய எல்லாமே கல்லாகவே கப்பலேறியது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலையின் முதல் எஃகு 1912இல்தான் வார்க்கப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், உள்நாட்டில் அதற்கு வேறு வேலையே இல்லாதிருந்தது புரியும்.

இதுவரை சொன்னது வெட்டப்படும் எஃகு. வெட்டும் எஃகின் கதையிலும் அதே ராபர்ட் மஷெட் நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடைசல் கருவி என்பது கரி மிகுந்த எஃகுதான்; செஞ்சூடாக்கி நீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள். அந்தக் கடினம் 200, 250 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். வேகமாக வெட்டினால் உராய்வின் வெப்பமே கருவியைக் கொன்றுவிடும். அதனால் லேத் இயந்திரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்துக்கு மேல் ஓட முடியவில்லை. 1868இல் மஷெட், டங்ஸ்டனும் மாங்கனீசும் கலந்த ஒரு கம்பி, நீரில் தோய்க்காமல் காற்றிலேயே ஆறியும் கடினமாக இருப்பதைக் கண்டார். 1870களின் தொடக்கத்திலிருந்து ஷெஃபீல்டின் சாமுவேல் ஆஸ்போர்ன் ஆலை அதைத் தயாரித்தது. கலவைப் பொருள்கள் வெளியே தெரியக்கூடாது என்று அவற்றைப் புனைபெயரிட்டுச் சுற்றுவழியில் ஆலைக்கு அனுப்பிவைத்தார்கள். கத்தியும் வாளும் செய்ய ஊட்ஸின் இரகசியத்தைத் தேடிய தந்தையின் மகன், லேத் கருவிக்குத் தம்முடைய சொந்த இரகசியத்தைக் காத்துக்கொண்டார்.

அதன் முழுப்பலன் அமெரிக்காவில் வெளிப்பட்டது. பெத்லஹேம் எஃகு ஆலையில் 1898 முதல் 1900 வரை பிரெடெரிக் டெய்லரும் உலோகவியலாளர் மான்செல் ஒயிட்டும் மஷெட் வகை எஃகுகளை, அதுவரை அழிவு என்று அஞ்சப்பட்ட சூட்டுக்கு, அதாவது உருகும் நிலைக்குச் சற்றுக் கீழ் வரை கொண்டுசென்று ஆற்றிப் பார்த்தார்கள். கருவி கெடவில்லை. நுனி மங்கிய சிவப்பாகக் கனன்றபோதும் அது வெட்டிக்கொண்டே போயிற்று. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் இதைக் கண்ட ஐரோப்பியப் பொறியாளர்கள் ஊர் திரும்பித் தங்கள் இயந்திரங்களையே மாற்ற வேண்டியதாயிற்று. பழைய லேத்துகளுக்கு அந்த வேகத்தைத் தாங்கும் திராணி இல்லை. பத்தாண்டுக்குள் 18 விழுக்காடு டங்ஸ்டன், 4 விழுக்காடு குரோமியம், 1 விழுக்காடு வனேடியம் என்ற கலவை நிலைபெற்றது. பட்டறைகளில் இன்றும் 'ஹைஸ்பீட்' என்று வழங்குவது இந்தப் பரம்பரை.

1906 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக டெய்லர் ஆற்றிய உரை, 26 ஆண்டுச் சோதனைகளின் சாரம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள்; 360 டன்னுக்கும் மிகுதியான இரும்பும் எஃகும் சீவலாகக் கழிந்தன. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தவர் என்ற அவப்பெயர் டெய்லருக்கு உண்டு. அது நியாயமற்றதும் அன்று. ஆனால் இந்த உரையில் அவர் அளந்தது கருவியை. வேகத்துக்கும் கருவியின் ஆயுளுக்கும் உள்ள உறவை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். அது சொல்லும் செய்தி கடுமையானது. அதிவேக எஃகுக் கருவியை வைத்துக்கொண்டு வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், கருவியின் ஆயுள் பத்து விழுக்காடு குறையாது; பாதிக்கும் கீழே போய்விடும். அவசர வேலைக்காக இயந்திரத்தை விரட்டும் பட்டறை, மிச்சம் பிடித்த நேரத்தைக் கருவி தீட்டுவதில் இழப்பது இதனால்தான்.

ஆக, 1910 வாக்கில் வெட்டும் கருவியின் உயிர் டங்ஸ்டனில் இருந்தது. டங்ஸ்டன் எங்கே இருந்தது? அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில், அதன் ஒரு மாகாணமான பர்மாவின் தெற்குக் கரையில், தவாய் மாவட்டத்தில். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வோல்ஃப்ராம் தாதுவின் சுரங்கத் தொழில் வளர்ந்து, தவாய் உலகின் முதன்மையான டங்ஸ்டன் வட்டாரங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் அந்தத் தாது பிரிட்டனுக்குப் போகவில்லை. தாதுவைத் தூய டங்ஸ்டன் பொடியாக்கும் தொழில் ஜெர்மனியின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் கொடியின் கீழ் தோண்டிய கல் ஹாம்பர்க் போய்ப் பொடியாகி, அங்கிருந்து ஷெஃபீல்டு வந்து, கருவியாகி, மறுபடி இந்தியாவின் ரயில்வே பட்டறைகளுக்கும் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் விலைக்கு வந்தது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது இந்தச் சங்கிலி அறுந்தது. பீரங்கிக் குண்டுகளைக் கடைய அதிவேகக் கருவி வேண்டும். கருவிக்கு டங்ஸ்டன் பொடி வேண்டும். பொடி எதிரியிடம் இருந்தது. ஷெஃபீல்டு எஃகு முதலாளிகள் கூட்டாக விட்னஸ் நகரில் ஓர் ஆலையை அவசரமாக எழுப்பினார்கள். தவாயில் சுரங்க உரிமைதாரர்கள் உற்பத்தியைக் கூட்டும்படி அரசு நெருக்கியது. இந்தியாவிலிருந்தும் சீனர்களிடமிருந்தும் கூலியாட்கள் திரட்டப்பட்டார்கள். சாலையே இல்லாத மழைக்காட்டில் சாலைகள் போடப்பட்டன. 1918இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, சுரங்கங்கள் பலவும் அடங்கின. போரின் நடுவில், 1916இல், தாமஸ் ஹாலண்டின் தலைமையில் அமைந்த இந்தியத் தொழில் ஆணையம், கனிமத்தைக் கச்சாவாக அனுப்பிவிட்டுச் செய்பொருளுக்குக் கையேந்தும் நிலையின் ஆபத்தை 1918இல் தன் அறிக்கையில் வலியுறுத்தியது. ஹாலண்டே முன்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர். எந்தக் கல் எந்தக் கப்பலில் போயிற்று என்பது அவருக்குத் தெரியாததன்று.

1937இல் பர்மா தனியாகப் பிரிந்தது. 1942இல் ஜப்பான் வசமானது. இந்தியாவுக்கு மிஞ்சிய பெயர் சொல்லும்படியான டங்ஸ்டன் இடம் ராஜஸ்தானின் டேகானா. தேவை நெருக்கியபோதெல்லாம் அந்தக் குன்று விட்டுவிட்டுத் தோண்டப்பட்டது. 1990களில் சுரங்கம் மூடப்பட்டது.

இனி கந்தகத்துக்குத் திரும்பலாம். மஷெட்டின் மாங்கனீசு அதை அடக்கிய பிறகும் நல்ல எஃகு என்றால் கந்தகம் குறைந்த எஃகு என்பதே பொதுவிதியாக இருந்தது. ஆனால் திருகாணிகளையும் மரைகளையும் தானியங்கி இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வெட்டியவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். கந்தகம் சற்று மிகுந்த, தரம் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட பெஸ்ஸெமர் எஃகு, தூய எஃகைவிட நன்றாகக் கடைசல் பட்டது. கரி குறைந்த தூய எஃகு பிசின்போல் நடந்துகொள்ளும். கருவி அதை வெட்டுவதைவிடப் பிய்க்கிறது. வெட்டப்பட்ட உலோகம் கருவியின் நுனியிலேயே அப்பி, பின் பெயர்ந்து, மேற்பரப்பைக் கிழித்துவிடும். சீவல் அறுபடாமல் நீண்ட சுருளாக வந்து இயந்திரத்தைச் சுற்றிக்கொள்ளும். சுருளைக் கையால் இழுத்து விரலைக் கிழித்துக்கொள்ளாத லேத் தொழிலாளி அரிது. மாங்கனீசு சல்பைடு மணிகள் எஃகில் நிறைந்திருந்தால் நிலைமை மாறுகிறது. வெட்டும் இடத்தில் உலோகம் நெரிபடும்போது, அந்த மென்மையான மணிகள் விரிசலுக்குத் தொடக்கப் புள்ளிகளாகின்றன. சீவல் சிறு துண்டுகளாக முறிந்து விழுகிறது. அவற்றுள் சில கருவியின் முகத்தில் மெல்லிய பூச்சாகத் தேய்ந்து எண்ணெய்போல் உராய்வைத் தணிக்கின்றன.

வெறுப்புக்குரிய ஒன்று வேலைக்காரனாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கந்தகத்தை வேண்டுமென்றே கூட்டிய எஃகுகள் தனி வகையாக விற்கப்பட்டன. அமெரிக்காவின் 1112 என்ற கந்தக எஃகை, அதிவேகக் கருவியால் நிமிடத்துக்கு 55 மீட்டர் வேகத்தில் வெட்டுவதை நூறு மதிப்பெண் என்று கொண்டு, மற்ற எஃகுகளின் இணக்கத்தை அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கம் வந்தது. அந்த நூறு இன்றும் கையேடுகளில் இருக்கிறது. இஎன் 1ஏயில் கந்தகம் 0.2 முதல் 0.3 விழுக்காடு, சாதாரண எஃகில் அனுமதிக்கப்படும் அளவைப் போல ஏறக்குறைய ஐந்தாறு மடங்கு.

இந்தச் சலுகைக்கு விலை உண்டு. எஃகை உருளைகளில் இட்டு நீட்டும்போது சல்பைடு மணிகளும் நார்போல் நீள்கின்றன. கம்பியின் நீளவாக்கில் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. குறுக்குவாக்கில் அடியைத் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. பற்றவைத்தால் வெடிப்பு விடுகிறது. புதரி, பொருத்தி, மரை போன்றவற்றுக்கு இது குற்றமன்று. சுமை தாங்கும் அச்சுக்கோ, பற்றவைக்கும் சட்டத்துக்கோ இதே கம்பியைப் போட்டால் விபத்து. நுனியில் வண்ணம் பூசி வகையைக் காட்டும் வழக்கம் இதற்காகத்தான். கம்பியை அறுத்து விற்கும் சில்லறைக் கடையில் வண்ணமுள்ள முனை முதலில் போய்விட்டால், மிச்சத் துண்டு எந்த வகை என்று கண்ணால் சொல்ல வழியில்லை.

1930களில் ஈயம் சேர்ந்தது. அமெரிக்காவின் இன்லாண்ட் எஃகு நிறுவனம் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஈய எஃகைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈயம் எஃகில் கரைவதில்லை, கனம் மிகுந்ததால் அடியில் தங்கிவிடும். ஆகவே உருகிய எஃகை அச்சில் ஊற்றும்போதே ஈயக் குருணையை அந்தத் தாரையில் தூவினார்கள். 0.15 முதல் 0.35 விழுக்காடு போதும். கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அது சல்பைடு மணிகளை ஒட்டித் தங்கி, வெட்டும் சூட்டில் இளகி, கருவிக்கு எண்ணெய் போடுகிறது. கைக்கடிகாரத்தின் பற்சக்கர அச்சுகளைப் போன்ற, முடியளவு தடித்த உறுப்புகளைக் கரி மிகுந்த எஃகிலேயே கடையக் கடிகாரத் தொழிலுக்கு உதவியது இத்தகைய ஈயமும் கந்தகமும் கலந்த எஃகுதான்.

விடுதலைக்குப் பின் இந்தியா இந்த இரட்டை வரலாற்றைத் தன் கையில் எடுக்க முயன்றது. 1953இல் பெங்களூரின் ஜாலஹள்ளியில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் பிறந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு அதுவே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1962இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் அதே நகரில் அமைந்தது. அதன் வடிவமைப்புக் கையேட்டை அறியாத இந்திய இயந்திரப் பொறியியல் மாணவர் குறைவு. 1960களின் நடுவில் துர்காபூரில் கலப்பெஃகு ஆலை வந்தது. இந்தியத் தர நிறுவனம் தன் பெயர் முறையில் கந்தகத்துக்கு மறைவே வைக்கவில்லை. 40சி10எஸ்18 என்றால் கரி 0.40, மாங்கனீசு 1.0, கந்தகம் 0.18 விழுக்காடு. எதைக் கலந்திருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும் இந்த முறை, இஎன் எண்ணைவிட அறிவுக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. அது ஏன் பட்டறையை வெல்லவில்லை? பழைய வரைபடங்கள், பழைய இயந்திரங்களோடு வந்த கையேடுகள், அந்தப் பெயரில் கொள்முதல் செய்து பழகிய ரயில்வேயும் படைத்துறையும், எல்லாம் சேர்ந்து பழைய சொல்லையே காசாக்கியிருந்தன. தரம் என்பது பல கைகள் சேர்ந்து காக்கும் பழக்கம், ஆணையால் மாறாது.

கருவியின் பக்கம் வென்ற பெயரும் வெளிநாட்டுப் பெயர்தான். 1923இல் பெர்லினில் ஆஸ்ரம் நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சூட்டில் இறுகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மின்விளக்கின் இழையை இழுக்கும் அச்சுக்காகத் தேடியது அது. க்ரூப் நிறுவனம் அதைக் கருவியாக்கி, 'வைரம்போல்' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி 'விடியா' என்று பெயரிட்டு 1920களின் பிற்பகுதியில் விற்றது. 1960களில் புனேயில் சாண்ட்விக்கும் பெங்களூரில் விடியாவும் இந்தியக் கிளைகளைத் தொடங்கின. இன்று எந்த நிறுவனத்தின் கார்பைடாக இருந்தாலும் இந்தியப் பட்டறைக்கு அது 'விடியா'தான். அதிவேக எஃகு ஏறக்குறைய 600 டிகிரி வரை தாங்கும். கார்பைடு அதற்கு மேலும் முந்நூறு டிகிரி தாங்கும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. டெய்லரின் சூத்திரம் மாறவில்லை, அதன் கண்டிப்புத் தளர்ந்தது.

கருவி மாறியபோது கலப்பின் கணக்கும் மாறியது என்பதுதான் இந்த வரலாற்றில் மிக நுட்பமான திருப்பம். 1960களில் ஜெர்மனியின் ஆகென் நகரில் ஹெர்வார்ட் ஓப்பிட்ஸும் குழுவினரும் ஒன்றைக் கண்டார்கள். கால்சியம் இட்டு ஆக்சிஜன் நீக்கிய எஃகை, டைட்டானியம் கார்பைடும் கலந்த கருவியால் மிகுவேகத்தில் வெட்டினால், எஃகிலுள்ள கசடுத் துகள்கள் இளகிக் கருவியின்மேல் காப்புப் படலமாகப் படிகின்றன. தேய்மானம் பெரிதும் குறைகிறது. அதே எஃகை அதிவேக எஃகுக் கருவியால் குறைந்த வேகத்தில் வெட்டினால் இந்தப் பயன் கிட்டாது. படலம் உருவாகும் சூடே எழாது. கலப்பைத் தனியாகவும் கருவியைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கும் கொள்முதல் அதிகாரி, இரண்டிலும் நல்லதையே வாங்கி இரண்டின் பயனையும் இழக்க முடியும்.

ஈயத்தின்மேல் இப்போது ஐயம் விழுந்திருக்கிறது. உருக்காலையில் அதன் ஆவியைச் சுவாசிப்பவர் தொழிலாளி. ஐரோப்பிய ஒன்றியம் மின்சாதனங்களிலிருந்து ஈயத்தை விலக்கியபோதும், கடைசலுக்கான எஃகில் 0.35 விழுக்காடு வரை விலக்கு அளித்தது. ஒத்த தரத்தில் மாற்று கிடைக்காததே காரணம். மாற்றாகச் சொல்லப்படுபவற்றுள் முதன்மையானவை பிஸ்மத், டெல்லூரியம்.

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை ஒன்றிய அரசு ஏலத்தில் ஒதுக்கியது. அதன் எல்லைக்குள், 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் வந்தது. சமணப் படுகையும் தமிழி எழுத்தும் குடைவரையும் ஏரிகளும் உள்ள மலைப்பகுதி அது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள்; டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரி 23 அன்று ஏலம் இரத்து செய்யப்பட்டது. பன்னிரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 4 அன்று, உலக டங்ஸ்டனில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தோண்டும் சீனா, உரிமம் இன்றி ஏற்றுமதி செய்யக்கூடாத பொருள்களின் பட்டியலில் ஐந்து உலோகங்களைச் சேர்த்தது: டங்ஸ்டன், மாலிப்டினம், பிஸ்மத், டெல்லூரியம், இண்டியம். முதல் இரண்டும் வெட்டும் கருவிக்கு வேண்டியவை. அடுத்த இரண்டும் வெட்டப்படும் எஃகில் ஈயத்தின் இடத்துக்கு வேண்டியவை.